மண்ணில் பூத்த மலர்கள்

திருப்பதிக்கு ஒரு முறையாவது போகாத குடும்பம் நம் சங்கத்தில் இருக்குமா என்பது சந்தேகம்தான். லட்டுப் பிரசாதத்தின் பெருமை இங்கே பிறந்த நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் ஏழுமலையானுக்குத் தினமும் தயிர்சாதம் ஓர் உடைந்த மண் ஓட்டில் நிவேதனம் ஆகிறது என்று சொன்னால் பெரியவர்களே புருவத்தை உயர்த்துகிறார்கள். பொன்னும் வைரமும் குவிகிற சன்னிதியில் மண் ஓட்டுக்கு என்ன வேலை?

வைணவ மரபு இதற்கு ஒரு கதையைப் பதிலாகச் சொல்கிறது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் குரும்பறுத்த நம்பி என்ற குயவர் இருந்தார். (தெலுங்கில் பீமன் என்று சொல்வார்கள்.) வீட்டிலேயே பெருமாளை மரத்தில் செய்து வைத்து வழிபட்டவர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை சக்கரத்தின் முன் உட்கார்ந்தால்தான் வயிற்றுப்பாடு நடக்கும். நந்தவனம் போய்ப் பூப்பறிக்க நேரம் ஏது? பானை வனைந்து முடிக்கும்போது கையில் ஒட்டியிருக்கும் மண்ணை வழித்து, அதிலேயே பூச்செய்து சாத்துவாராம். அதே காலத்தில் தொண்டைமான் சக்கரவர்த்தி மலைமேல் பொன்மலர்களால் அருச்சனை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் அவருடைய பொன்மலர்களின் இடத்தில் மண் பூக்கள் கிடப்பதைப் பார்த்துத் திகைத்தார். இது யார் சாத்திய பூ என்று தேடிக்கொண்டு போனவர், குயவரின் குடிசை வாசலில் வந்து நின்றார். அந்த நம்பியின் நினைவாகவே இன்றும் மண் ஓட்டில் தயிர்சாதம் என்பது மரபு. ஒருநாள் வைத்த ஓடு மறுநாளைக்கு ஆகாது, தினமும் புதியது வேண்டும் என்றும் சொல்வார்கள்.

பக்தியின் பெருமைக்காகச் சொல்லப்படுகிற கதை இது. ஆனால் மண்ணில் கைவைத்துப் பழகிய எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. சக்கரத்தில் வேலை செய்கிறவர்களின் கையில் எப்போதும் குழைந்த மண் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டியின் விளிம்பில் அதை வழித்துவிட்டுத்தான் அடுத்த உருண்டையை எடுக்க வேண்டும். நம்பி பூவுக்கென்று தனியாக மண் எடுக்கவில்லை. பானை செய்த மண்ணின் மிச்சத்தில் பூச்செய்தார். பானை இல்லாவிட்டால் அந்தப் பூவும் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான்.

சித்தூர்க்காரி

நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு. இங்கே அமெரிக்காவில் புதிதாகச் சந்திக்கும் நண்பர்கள், 'ஆந்திராவா? அப்புறம் எப்படி இவ்வளவு நல்ல தமிழ்?' என்று கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்றைய சித்தூர்ப் பகுதியின் பெரும்பகுதி பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபின் எல்லைப் பேச்சு நீண்டுகொண்டே போய், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும், புத்தூரும், நகரியும் ஆந்திராவிலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. எல்லைக் கோடுகள் மாறின. நாங்கள் பானை வாங்கிய குயவர் வீதி மட்டும் இருந்த இடத்தில்தான் இருந்தது.

பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து பல வருடங்கள் ஆனபிறகு, இங்குள்ள சமூகக் கூடத்தில் மாலை நேர மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தேன். இலை, பூ, சிப்பி, பறவை என்று இயற்கையைப் பார்த்துச் செய்வதில்தான் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஆசை. எனக்கும் அப்படியே. மேப்பிள் இலையை மண்ணில் அழுத்தித் தட்டுச் செய்தேன், பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் கைகள் எங்கோ பழைய வடிவம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தன. சென்ற தை மாதம் ஊருக்குப் போனபோது, திருப்பதி தரிசனத்தை முடித்துக்கொண்டு பலமனேருக்குப் போனேன்.

பலமனேர்

சித்தூரிலிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே போனால் மொகிலி கணவாய் ஏறியதும் பலமனேர். மேட்டு நிலம், சித்தூரைவிட வெயில் கொஞ்சம் குறைவு. இந்த ஊரின் சுடுமண் வேலை வெகுநாளாகப் பேர் பெற்றது. பெங்களூருக்குக் காரில் போய் வந்தவர்கள் சாலையோரத்தில் வரிசையாக நிற்கும் செந்நிறத் தொட்டிகளையும், குதிரைகளையும், யானைகளையும், பிள்ளையார்களையும் பார்த்திருப்பீர்கள். யானைக்கு அங்கே காரணம் உண்டு. பலமனேரை ஒட்டித்தான் கௌண்டின்யா சரணாலயக் காடு இருக்கிறது. 1980-களில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் கர்நாடகப் பக்கமிருந்தும் யானைகள் இந்தக் காட்டுக்கு வந்து தங்கின; 1990-இல் அது சரணாலயமாயிற்று. காட்டோரத்துக் கழனிக்காரர்களுக்கு யானை பொம்மை அல்ல, இராத்திரியில் வரும் விருந்தாளி.

நான் பார்க்கப் போனவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். மருமகள் திண்ணையில் உட்கார்ந்து அரசிலை விளக்குகள் செய்துகொண்டிருந்தார். மகன் மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகிறாராம். சித்தூர் மாவட்டத்தில் அந்த ஆலைகள் ஏராளம்.

அந்த வீட்டில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மண் ஏரியிலிருந்து வருகிறது. கோடையில் ஏரி வற்றும்போது வெட்டிக் கொண்டுவந்து கொட்டி வைத்துக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிவிடும். அப்போது மண்ணும் கிடைக்காது, சூளையும் எரியாது. வெட்டிய மண்ணைக் காயவைத்து, உடைத்து, ஊறப்போட்டு, கல்லும் வேரும் நீக்கி, அளவாக மணல் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள். மணல் குறைந்தால் காயும்போது வெடிக்கும். கூடினால் சக்கரத்தில் நிற்காது. எவ்வளவு மணல் என்று கேட்டேன். ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்து, "அமுக்கிப் பாரும்மா, அதே சொல்லும்" என்றார் பெரியவர்.

இந்த மண் எங்கிருந்து ஏரிக்கு வந்தது? சித்தூர் மாவட்டம் முழுக்கப் பாறைக் காடு. கருங்கல் பாறையில் உள்ள ஒருவகைக் கனிமம் மழையிலும் வெயிலிலும் எண்ணிலடங்காத காலம் கிடந்து சிதைந்தால் களிமண்ணாகிறது. மழைநீர் அதை அடித்துக்கொண்டு வந்து ஏரியில் படிய விடுகிறது. திருமலைக்குப் போகும் மலைப்பாதையில் கீழே பழைய கருங்கல்லும் மேலே பிற்காலத்துப் படிவுப் பாறையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு; இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் பல கோடி ஆண்டுகள் என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். பஸ்ஸில் கோவிந்தா போட்டுக்கொண்டே நாம் கடந்து போகிறோம்! ஆக, இயற்கையைப் பார்த்துப் பானை செய்கிறோம் என்று நாம் சொல்வதற்கு முன்னாலேயே, மலையும் மழையும் ஏரியும் சேர்ந்து பாதி வேலையை முடித்து வைத்திருக்கின்றன.

அடுத்தது சக்கரம். தண்ணீர்ப் பானையை முழுதாகச் சக்கரத்திலேயே செய்துவிடுகிறார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. கழுத்தும் தோளும் மட்டுமே சக்கரத்தில் உருவாகின்றன. அடிப்பாகம் திறந்தே இருக்கும், சுவர் தடிப்பாக இருக்கும். அதை அறுத்து எடுத்துப் பாதி காய்ந்தபின், உள்ளே வழுவழுப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிகிறது, வயிறு பெருக்கிறது. சுரைக்காய் கொடியில் பெருப்பதைப்போல அரை மணியில் ஒரு பானை பெருத்து நின்றது. உள்ளே இருக்கும் கையும் வெளியே இருக்கும் கையும் ஒன்றையொன்று பார்க்காமலேயே சரியாக ஒரே இடத்தில் சந்திக்கின்றன. வகுப்பில் இத்தனை வருடம் பழகியிருக்கிறேன். எனக்கு அது கைவரவில்லை.

மருமகளின் விளக்குகளை எடுத்துப் பார்த்தேன். அரசிலையின் நரம்புகளை மூங்கில் குச்சியால் கீறியிருந்தார். பக்கத்தில் தாமரை விளக்கு, மாங்காய் வடிவத்தில் உப்புக் கிண்ணம், கிளி உட்கார்ந்த மூடி. எல்லாம் அழகு. பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது கத்துக்க ஒரு வருஷம் போதும்மா. பானை தட்டக் கத்துக்க ஏழெட்டு வருஷம் ஆகும். பானை தட்டினவனுக்கு இதெல்லாம் தானா வரும். இது மட்டும் கத்துக்கிட்டவனுக்குப் பானை வராது."

பானை போன இடம்

பானையை வாங்க ஆள் இல்லை. குடிநீருக்குப் பிளாஸ்டிக் குடம் வந்தது. பிறகு குளிர்ப்பெட்டி வந்தது. சோற்றுப்பானையின் இடத்தில் அலுமினியமும் எவர்சில்வரும் உட்கார்ந்துகொண்டன. ஓட்டல்களுக்கும் தோட்டங்களுக்கும் அலங்காரப் பொருள்கள் செய்வதால்தான் சூளை இன்னும் எரிகிறது என்று பெரியவர் ஒளிக்காமல் சொன்னார். அதில் அவருக்கு வருத்தமில்லை. அடுப்பு எரிய வேண்டுமே! அவருடைய கவலையே வேறு. அலங்காரச் சாமான்களை அச்சில் போட்டு எடுத்துவிடலாம். அச்சில் வேலை செய்கிறவனுக்குச் சக்கரமும் வேண்டாம், பலகையும் வேண்டாம். ஒரு தலைமுறை பானை தட்டாமல் விட்டுவிட்டால், அதற்கடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. அந்த வீட்டில் இன்று பானை தட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

மண்ணும் முன்போல் சுலபமாகக் கிடைப்பதில்லை. செங்கல் சூளைகளுக்கு லாரி லாரியாக அள்ளிப் போய்விடுகிறார்கள், ஒரு வண்டி மண்ணுக்கு நாங்கள் நடையாய் நடக்கிறோம் என்றார்.

நம் முன்னோர்கள் மண்ணை இப்படி அலங்காரம் வேறு, உபயோகம் வேறு என்று பிரித்துப் பார்த்ததில்லை. பக்கத்துக் கடப்பை மாவட்டத்தின் சங்கவரத்தில் கிடைத்த பெருங்கற்காலத்துச் சுடுமண் ஈமப்பெட்டி ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலங்கின் உருவில் செய்திருக்கிறார்கள். இறந்தவரை வைக்கும் பெட்டிதான். ஆனாலும் ஒரு விலங்காகவே நிற்கிறது. தெற்கே ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது வந்த முதுமக்கள் தாழிகளின் உருண்டு பெருத்த வயிற்றைப் பார்த்தால், தாயின் வயிறு நினைவுக்கு வராமல் போகாது. கல்யாணத்தில் பாலிகைக் கிண்ணத்தில் நவதானியம் முளைக்க விடுகிறோமே, அதுவும் மண் கிண்ணம்தான். தெலுங்குக் கல்யாணங்களில் குயவர் வீட்டிலிருந்து மேளதாளத்தோடு கொண்டுவரும் வண்ணம் தீட்டிய பானைகளுக்கு ஐரேனி குண்டலு என்று பெயர்.

திருப்பதியிலேயே வைகாசியை ஒட்டி நடக்கும் கங்கம்மா ஜாத்திரையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? மலைமேல் இருக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறோம். கீழே தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயில் வாசலில் ஜாத்திரையின் கடைசியில் அம்மனின் பெரிய முகத்தை மண்ணில் செய்கிறார்கள். விடியும் நேரத்தில் அது கலைக்கப்படும். அந்த மண்ணில் ஒரு துண்டாவது கிடைக்காதா என்று ஜனங்கள் முண்டியடிப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துவார்கள். மண் பிரசாதமாவது மலைமேல் மட்டும் அல்ல, கீழேயும்தான்.

நாம் என்ன செய்யலாம்?

ஊருக்குப் போகும்போது நம்மவர்கள் மண் சாமான் வாங்காமல் இல்லை. குதிரையும், தாமரை விளக்கும், இலைத் தட்டும் வாங்குகிறோம். தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதோடு ஒரு தயிர்ச்சட்டியும் வாங்குங்கள். ஊரில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு ஒரு தண்ணீர்ப் பானை வாங்கிக் கொடுங்கள். மண் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. இதற்கு மின்சாரக் கட்டணம் கிடையாது! நாள்பட்டால் கண்ணறைகள் அடைபட்டுக் குளிர்ச்சி குறையும். அப்போது மீண்டும் ஒன்று வாங்க வேண்டும். குயவர் பிழைப்பதும் அந்த மறுபடி வாங்குதலில்தான்.

கையால் செய்ததா, அச்சில் எடுத்ததா என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்தில் வனைந்ததன் உட்புறம் விரல் தடங்கள் வளையம் வளையமாகத் தெரியும். பலகையால் தட்டியதில் உள்ளே கல் பட்ட குழிவுகளை விரலால் தடவி அறியலாம். அச்சில் எடுத்ததற்கு இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு எங்காவது இருக்கும். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் வேகாத மண், அல்லது விரிசல். சமையலுக்கு வாங்கும்போது வர்ணம் பூசியதை ஒதுக்கிவிடுங்கள். புதுச் சட்டியைக் கழுநீரில் இரண்டொரு நாள் ஊறவைத்து, முதலில் கஞ்சித் தண்ணீரைக் காய்ச்சி இறக்கிய பிறகு குழம்பு வையுங்கள். விமானத்தில் கொண்டுவர, சட்டிக்குள் துணியைத் திணித்து, வெளியே புடவையைச் சுற்றிக் கைப்பெட்டியில் வைத்தால் போதும். நான் கொண்டுவந்த மூன்றும் முழுதாக வந்து சேர்ந்தன.

குழந்தைகளை மண்ணில் கைவைக்க விடுங்கள். விநாயக சதுர்த்தியை ஒட்டி நம் சங்கத் தமிழ்ப் பள்ளியில் ஒரு சனிக்கிழமை இதைச் செய்து பார்த்தோம். களிமண்ணைச் சப்பாத்திபோல், ஆனால் அரை விரல் தடிமனுக்கு, உருட்டிக்கொள்ள வேண்டும். இலையின் பின்பக்கத்தை மண்ணின்மேல் வைத்து உருட்டுக்கட்டையால் ஒரே சீராக அழுத்த வேண்டும். நரம்புகள் புடைத்திருப்பது பின்பக்கத்தில்தான். ஓரத்தை வெட்டி, ஒரு கிண்ணத்துக்குள் வைத்து நிழலில் ஒரு வாரம் மெதுவாகக் காய விட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வளைந்து வெடிக்கும். நன்றாகக் காயாததைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சிதறடித்துவிடும். சமூகக் கூடத்துச் சூளையில் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசில் சுட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு பிள்ளை இலையை எடுக்காமல் மண்ணோடு விட்டுவிட்டாள். சூளையில் இலை எரிந்து போயிற்று. நரம்பு மட்டும் அப்படியே நின்றது. வகுப்பில் அதுதான் மிக அழகாக வந்தது.

அன்று குழந்தைகள் ஒவ்வொருவரையும் இலைத் தட்டோடு ஓர் அகல் விளக்கும் செய்யச் சொன்னோம். அகல் எளிதாகத் தோன்றும். எண்ணெய் சிந்தாமல், திரி சாயாமல், தரையில் ஆடாமல் நிற்கும்படி செய்வது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்கே புரிந்தது. கார்த்திகைத் தீபத்தன்று அந்த அகல்களையே ஏற்றினோம். சிலவற்றில் எண்ணெய் கசிந்தது. பரவாயில்லை, அடுத்த வருடம் இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

அடுத்த முறை பெங்களூரில் இறங்கித் திருப்பதிக்குக் காரில் போகிறவர்கள் பலமனேரில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். சாலையோரக் கடையோடு நின்றுவிடாமல், சக்கரம் எங்கே சுற்றுகிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். தாமரை விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டே, "பானை இருக்கா பெரியவரே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படிக் கேட்க ஆள் இருக்கும்வரை அந்த மரப்பலகையின் சத்தம் அங்கே கேட்டுக்கொண்டிருக்கும்.